கயிறு மட்டும் திரும்பும்

"இந்த மாட்டைக் குடுக்க முடியாது பெரியவரே. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க."

"வேற என்னத்தக் கேக்கறது? செத்துக் கெடக்கறது எங்கண்ணன். கோழி அடிச்சா பொதைக்கச் சொல்ற?"

"கோழி அடிங்க, மீன் டப்பா ஒடைங்க, என்னமோ பண்ணுங்க. இது டவுனுக்குப் போற மாடு. வெள்ளிக்கிழமை வண்டி வருது."

"வண்டி அடுத்த மாசமும் வரும்மா. எங்கண்ணன் அடுத்த மாசம் இன்னொரு தடவ சாவானா?"

நோயலின் தேங்காயை வேகமாகத் துருவினாள். தேங்காயைவிடச் சிரட்டையைத்தான் அதிகம் சுரண்டினாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. கேட்க வந்தவர் மோலிசாலே, அவள் கணவன் ரெமியின் தாய்மாமன். அவருக்குப் பின்னால் சமையல் குடிசையின் மூங்கிலைப் பிடித்தபடி, மேட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஏபெல் நின்றிருந்தான். சாவுக்கு மாடு கேட்க இரண்டு பேராகத்தான் போவோம், எங்கள் பக்கத்தில் அப்படி. ஒருவர் கேட்பதற்கு, இன்னொருவர் வெட்கப்படுவதற்கு.

ரெமி வாசலில் குந்தி, கால் நகத்தில் ஏறியிருந்த சேற்றை ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தான். என் வீடு பாதைக்கு இந்தப் பக்கம். துணி உலர்த்துகிற சாக்கில் நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தோ தீவின் மழைக்காலத்தில் துணி உலராது என்பது வேறு விஷயம்.

"மாப்ள, நீ ஏன் பேச மாட்டேங்கற?" என்றார் மோலிசாலே. "ஒன்ன இடுப்புல தூக்கிட்டுப் போயி மொத மொதக் கடல்ல முக்குனவரு இன்னைக்குப் பாயில சுத்திக் கெடக்கறாரு. ஒரு வார்த்த சொல்லு."

"அஞ்சு இருந்தாத்தான் வண்டி வரும் மாமா," என்றான் ரெமி, நகத்தைப் பார்த்தபடியே. "கன்னு போடறதுகள விட்டா, விக்க அஞ்சுதான் இருக்கு."

"பொலிகாளை ஒன்னு நிக்குது, பசு மூணு நிக்குது. நான் பாக்காமலா வந்தேன்?"

"பாத்துட்டுத்தான் வந்தாங்களாம்," என்றாள் நோயலின் துருவலைப் பார்த்து. "பொணத்தப் பாத்தாங்களோ இல்லையோ, மாட்டப் பாத்துட்டாங்க."

ஏபெல் மூங்கிலை விட்டுவிட்டு வெளியே போய் நின்றான். வெட்கப்படுகிற வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான்.

அப்போது குடிசையின் இருட்டு மூலையிலிருந்து இருமல் கேட்டது. ரெமியின் அப்பா பெனுவா. ஒரு கால் பப்பாளிக்காய் மாதிரி வீங்கிப்போய், அதை ஒரு மரக்கட்டை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பகல் முழுவதும் அங்கேதான் கிடப்பார். இருமி முடித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"குடு."

"மாமா," என்றாள் நோயலின்.

"எம் பொண்டாட்டிக்கு அண்ணன்மா அவன். குடு."

ரெமி ஈர்க்குச்சியை எறிந்துவிட்டு எழுந்தான்.

*

ரெமியின் மாடுகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின.

முன்பெல்லாம் சாவுக்குப் பன்றிதான். அப்புறம் ஊரில் பாதிப்பேர், ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமை கும்பிடுகிற சபையில் சேர்ந்தார்கள். அந்தச் சபையில் பன்றி தின்னக்கூடாது. பாதி ஊர் தின்ன, பாதி ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சாவு விருந்து நன்றாக இருக்காது என்று பெரியவர்கள் கூடிப் பேசி, இனிமேல் மாடு என்று முடிவு செய்தார்கள். கடவுளுக்கும் சம்மதம், எல்லார் வாய்க்கும் சம்மதம். மாடு வைத்திருப்பவனுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது யாரும் மாட்டைப் பெரிதாக வைத்திருக்கவும் இல்லை. தென்னைக்குக் கீழே ஒன்றிரண்டு, கயிற்றில் கட்டி, களைக்குப் பதிலாக நிற்கும்.

ரெமிதான் மாட்டைத் தொழிலாகச் செய்ய நினைத்தான். டவுனில் ஒரு கறிக்கூடத்தில் சில காலம் வேலை பார்த்தவன் அவன். எங்கள் தீவின் மாடு கப்பலேறிப் போகிறது, வெளியே நல்ல விலை, நாம்தான் கொப்பரைப் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம் என்று திரும்பி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவின் தென்னந்தோப்பில் முள்ளுச்செடியை வேரோடு வெட்டினான். நோயலினும் அவனும் புல் நட்டார்கள், நெல் நாற்று நடுவது போல, குனிந்து, மழையில். கிளெமென் என்ற டவுன் வியாபாரியிடம் முள்கம்பி கடனாக வாங்கித் தோப்பைச் சுற்றி அடித்தான். கம்பிக்குப் பணம் வேண்டாம், மாடு வளர்த்துக் கொடு, கழித்துக்கொள்கிறேன் என்றான் கிளெமென்.

கம்பி போட்டதுதான் தப்பாகப் போயிற்று. மற்றவர்கள் மாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டுக்காட்டில், இலைக்குள் மறைந்து நிற்கும். யாருக்கு எத்தனை என்று அவனவன் பெண்டாட்டிக்கே தெரியாது. ரெமியின் மாடு பாதையோரம், நான்கு வரிசைக் கம்பிக்குப் பின்னால், கடைக் கண்ணாடியில் வைத்த ரொட்டி மாதிரி நின்றது. ஊரில் யார் இழுத்துக்கொண்டு கிடந்தாலும், சொந்தக்காரர்கள் அந்தக் கம்பியோரமாக ஒரு நடை போய்விட்டு வருவார்கள்.

சாவுக்குக் கொடுத்த மாட்டுக்குக் காசு கிடையாது. மாட்டைக் கொடுத்தவன் தன் கயிற்றிலேயே இழுத்துக்கொண்டு போய் விட வேண்டும். வெட்டி முடித்ததும் கயிற்றைக் கடலில் அலசி, கழுத்துக்கறியோடு அவன் வீட்டுக்கு அனுப்புவார்கள். "ஒங்க வீட்டு நாளுக்கு நாங்க இருக்கோம்" என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புவார்கள். அவன் வீட்டில் ஒரு சாவு விழும்போது, அந்தக் கயிற்றுக்கு ஒரு மாடு வரும். அதுவரை வராது.

ரெமியின் அம்மா பன்றிக் காலத்திலேயே போய்விட்டாள். அதற்குப் பின் அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. சமையல் குடிசையின் குறுக்கு மூங்கிலில் ஆறு கயிறுகள் தொங்கின, அடுப்புப் புகை படிந்து, விலாங்கு மீன் காயப்போட்ட மாதிரி.

*

செவலை மாட்டைத்தான் மோலிசாலே கேட்டார். வெள்ளை முகம், அகன்ற முதுகு, வெள்ளிக்கிழமை வண்டியில் அதிக விலைக்குப் போக இருந்தது அதுதான். ரெமி அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டபோது அது உப்பு தரப்போகிறான் என்று நினைத்து அவன் உள்ளங்கையை நக்கியது.

கோடாரியின் பின்பக்கத்தால் நெற்றியில் அடித்தவன் முந்தின நாள் சாயங்காலம் துக்கத்துக்காகக் குடித்த கவா வேர்ச்சாற்றின் மயக்கத்திலிருந்து இன்னும் முழுசாகத் தெளியவில்லை. முதல் அடி கண்ணில் பட்டது. மாடு முழங்காலிட்டு, எழுந்து, தென்னை ஓலை விரித்திருந்த இடத்தை விட்டு, கயிற்றைப் பிடித்தவர்களைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டு போயிற்று. யாரோ சிரித்தார்கள். யாரோ "கால்ல அடி, கால்ல அடி" என்றார்கள். ரெமிதான் கடைசியில் கோடாரியைப் பிடுங்கி முடித்தான். அவன் சட்டையில் தெறித்ததைத் துடைக்கவில்லை.

வயிற்றைக் கிழித்தபோது பச்சைப் புல் வெளியே சரிந்தது. மெல்லாத புல், ஆவி பறக்க. அது நோயலின் நட்ட புல் என்று எனக்குத் தோன்றியது. ஈக்கள் எங்கிருந்துதான் வருமோ, ஒரு நொடியில் வந்துவிட்டன. ஈரல் யாருக்கு, நாக்கு யாருக்கு, குடல் கழுவுவது யார் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. செத்தவருடைய பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒருவன் தொடைக்கறியைத் தூக்கிப் பிடித்து, "போன தடவ குடுத்தது இதவிடக் கொழுப்பா இருந்துச்சில்ல?" என்றான். ரெமியைப் பார்த்துத்தான் சொன்னான், பாராட்டாக.

சாயங்காலம் ஏபெல் கயிற்றையும் கழுத்துக்கறியையும் கொண்டுவந்தான்.

"ஒங்க வீட்டு நாளுக்கு நாங்க இருக்கோம்," என்றான்.

"இருங்க, இருங்க. எங்க போயிடப்போறீங்க," என்றாள் நோயலின்.

கயிற்றை வாங்கி ஏழாவதாக மூங்கிலில் போட்டாள். கறியை வாங்கி வெளியே மாமரக்கிளையில் மாட்டினாள். மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதை அவள் சமைக்கவில்லை. சாவு வீட்டுக் கறியை நாய்க்குப் போட்டால் செத்தவருக்குச் செய்கிற அவமானம். அதனால் போடவும் இல்லை. அது அங்கேயே தொங்கியது. மறுநாள் மதிய வெயிலில் அதன் மேல்தோல் கறுத்தது. அதற்கடுத்த நாள் மழை பெய்து நனைந்து, பச்சையாக ஒரு மினுமினுப்பு வந்தது. அப்புறம் அது அசைய ஆரம்பித்தது. காற்று இல்லாதபோதும் அசைந்தது. அந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பார்க்காதவர்கள் மாதிரி போனார்கள். என் வீட்டுக்குள் கிழங்கைத் துருவி லாப்லாப் வேக வைத்து வாழையிலையைப் பிரித்தால் தேங்காய்ப்பால் வாசனைக்குப் பதிலாக அந்த நாற்றம்தான் வந்தது.

"எடுத்துப் பொதைச்சிடேன் நோயலின்," என்றேன்.

"எதுக்கு? ஊருக்குப் புடிச்ச கறிதான. நல்லா மோந்து பாக்கட்டும்."

*

கிளெமெனுக்கு விஷயத்தைச் சொல்ல ரெமி கோயில் மேட்டுக்கு ஏறினான். அங்கேதான் போனில் சிக்னல் கோடு தெரியும். நானும் என் மகளோடு பேச அங்கே நின்றிருந்தேன். கிளெமெனின் குரல் போனுக்கு வெளியே பத்தடி கேட்கும். மாட்டுக்காரர் குரல்.

"நாலா? நாலு மாட்டுக்கு அந்தப் பவளக்கல்லு ரோட்ல வந்தா டயருக்குக்கூடக் கட்டாது தம்பி. அஞ்சு சொன்ன."

"சாவுண்ணே."

"போன தடவயும் சாவு. அதுக்கு முந்தின தடவயும் சாவு. ஒங்க ஊர்ல இன்னும் ஆளு மிச்சம் இருக்காங்களா?"

ரெமி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. நானும் இந்தத் தீவுலதான் பொறந்தேன், எனக்கும் தாய்மாமனுங்க இருக்கானுங்க. அதுக்குத்தான் நான் மாடு வளக்கல, வாங்கி விக்கறேன். ஆனா கம்பி எனக்கு ஓசில வரல."

"ஒரு மாசம் குடுங்க. ஒரு கன்னு தேறிடும்."

"ஒரு மாசத்துல இன்னொருத்தன் தேறிடுவான், பெட்டிக்கு. வேணாம் தம்பி. வெள்ளிக்கிழமை வரேன். அஞ்சு இருந்தா மாட்ட ஏத்தறேன். இல்லன்னா கம்பிய உருவி ஏத்தறேன். வண்டி காலியாத் திரும்பாது."

கம்பியை உருவினால் மாடு அடுத்தவன் கிழங்குத் தோட்டத்துக்குள் போகும். கிழங்குத் தோட்டத்துக்குள் போன மாட்டின் காலை வெட்ட எங்கள் ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பருவத்துக்குள் பொலிகாளை, பசு, கன்று எல்லாம் முடிந்துவிடும். முள்ளுச்செடி திரும்பி வந்து புல்லை மூடிவிடும். ரெமிக்கும் கொப்பரைப் புகைதான் மிச்சம்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் மேட்டின் மறுபக்கம் இறங்கினான், ஏபெல் வீட்டை நோக்கி.

ஏபெலின் அப்பா செத்தபோது போனதும் ரெமியின் மாடுதான். ஏபெலுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று நிற்கிறது என்று ரெமிக்குத் தெரியும். வெள்ளம் வந்தபோது அவற்றை மேட்டுக்கு ஏற்ற உதவியதே ரெமிதான். அங்கே என்ன நடந்தது என்பதை ஏபெலின் மனைவி அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இவ்வளவுதான்.

"ஏபெல், ஒங்கப்பாவுக்குக் குடுத்ததுல எனக்கு ஒன்னு திருப்பிக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஏபெல் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"அய்யோ. யாருண்ணே? ஒங்கப்பாவா? எப்ப?"

"யாரும் சாகல. வண்டிக்கு வேணும்."

"யாரும் சாகலன்னா எப்படிண்ணே குடுக்கறது?"

"மாட்டக் கயித்துல கட்டிக் குடுக்கறது."

"வெளையாடாதண்ணே. நான் இப்ப குடுத்தா ஒங்கப்பாவ நானே சாகச் சொன்ன மாதிரி. நீ கேட்டதே தப்பு. கேட்டத நான் கேக்கல, போயிடு."

"மூணு நிக்குது ஒனக்கு."

"அது..." என்றான் ஏபெல். "அதுல ரெண்டு எம் மச்சானோடது."

மச்சானிடம் கேட்டிருந்தால் அதில் இரண்டு ஏபெலுடையது என்று சொல்லியிருப்பான்.

அன்று மதியத்திலிருந்து ஊரில் ஒரே பேச்சுத்தான். ரெமி அப்பனைச் சாகக் கேட்கிறான். தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். கடையில் உப்பு நிறுக்கும்போது பேசினார்கள். அவன் மாட்டை மூன்று நாளாக மென்றுகொண்டிருந்த வாய்கள்தான். பல்லிடுக்கில் நார் இருந்தபடியே சொன்னார்கள், காசு ஆசை மனுஷனை எப்படி ஆக்கிவிடுகிறது பார் என்று.

அதோடு நிற்கவில்லை. பெனுவாவைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பப்பாளி, ஏதாவது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தொங்குகிற கறியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். காலைப் பார்ப்பார்கள். "வீக்கம் மேல ஏறியிருக்கா?" என்பார்கள். கரிசனமாகத்தான். ஆனால் போகும்போது அவர்கள் கண் குறுக்கு மூங்கிலுக்குப் போகும், தங்கள் குடும்பத்துக் கயிறு எது என்று தேடும்.

"மொழங்காலுக்கு வந்துடுச்சு," என்று பெனுவா ஒவ்வொருவரிடமும் சொன்னார். "நீ கவலப்படாத. இன்னும் தொடை இருக்கு, இடுப்பு இருக்கு. ஒம் மாடு நல்லா மேயட்டும்."

*

புதன்கிழமை மாலை மழை விட்ட கொஞ்ச நேரத்தில் நோயலின் என் வீட்டுக்கு வந்தாள். அவள் அப்படி வருகிறவள் இல்லை. வாசலில் உட்கார்ந்து, பாதையின் அந்தப் பக்கம் தொங்கிய கறியைப் பார்த்தாள். கீழே சேற்றில் வெள்ளை வெள்ளையாக விழுந்துகொண்டிருந்ததைக் கோழிகள் கொத்தின.

"அந்தக் கோழி முட்டைய இனிமே எப்படித் திங்கறதுன்னு தெரியல," என்றாள்.

பின்னால் ரெமியும் வந்து நின்றான். அவளைக் கூப்பிட வந்தவன், கூப்பிடவில்லை.

"ஒரு விஷயம் சொல்லவா?" என்று அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் சொன்னது அவனுக்கு. "காலைல மாமா இருமினாரு. ரொம்ப நேரம். மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. தண்ணி எடுத்துட்டு ஓடறேன். ஓடறப்பவே, எம் மண்டைக்குள்ள ஏழுன்னு ஒரு கணக்கு ஓடுது. ஏழு மாடு. அதுல ஒன்னு வண்டிக்கு. ஆறு மிச்சம்."

ரெமி ஏதோ சொல்ல வாய் திறந்தான்.

"நில்லுங்க. தண்ணிய வாயில ஊத்தறேன். அவரு முழுங்கறாரு, ஒழுங்கா முழுங்கறாரு. எனக்கு..." அவள் துப்பினாள். வாசலுக்கு வெளியே, சத்தமாக. "எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சுங்க. அந்த மனுஷன் எனக்கு அப்பன் மாதிரி. எம் புள்ளைங்களக் குளிப்பாட்டினவரு. சீ. அங்க தொங்குதே, அது நல்ல கறிங்க, என்னவிட."

"வுடு," என்றான் ரெமி.

"எத வுடறது?"

"செத்தாலும் ஒன்னும் இல்ல. அந்தக் கணக்கு தப்பு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஏழும் வரும், நெசந்தான். வந்த அன்னைக்கே ஏழையும் வெட்டுவாங்க. அஞ்சாம் நாளுக்கு, பத்தாம் நாளுக்கு, நூறாம் நாளுக்கு. ஒன்னு வண்டியேறாது. அப்பன் சாவுக்கு வந்த மாட்ட வித்தான்னு சொல்வாங்க, அதுக்கப்பறம் நாம இந்த ஊர்ல தண்ணி மோக்க முடியாது. நானும் போட்டுப் பாத்தேன் அந்தக் கணக்க. எத்தன தடவ போட்டாலும் தின்னுடறாங்க."

நோயலின் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களுமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பாதையைக் கடந்து போனார்கள்.

அவர்கள் பேசிய இடத்துக்கும் பெனுவா படுத்திருந்த மூங்கில் சுவருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நோயலின் குரலும் கிளெமெனின் குரல் மாதிரிதான்.

*

வியாழக்கிழமை ஐந்தாம் நாள் விருந்து. நகமால் என்கிற எங்கள் ஊர்க்கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். தாழ்ந்த கூரை, வெளியே மழை, உள்ளே ஈரப் பாயும் வேர்வையும் புகையும். செவலையின் மிச்சக் கறியைத் திங்கட்கிழமையிலிருந்து தினமும் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து வைத்திருந்தார்கள். பெரிய அலுமினியப் பானையைத் திறந்தபோது மேலே ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிறக் கொழுப்பு உறைந்திருந்தது. அதைக் கரண்டியால் உடைத்து அடியிலிருந்து கறியை எடுத்தார்கள். கறி நார்நாராக, நிறமே இல்லாமல் இருந்தது. சேனையும் அவித்த வாழையும் தீவுக்கீரையும் அதன் பக்கத்தில் வைத்து, இலையில் எல்லாருக்கும் கொடுத்தார்கள். என் இலையிலும் வைத்தார்கள். நான் ஒரு வாய் எடுத்து, மெல்ல முடியாமல், துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரெமியும் நோயலினும் வரமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வந்தார்கள். நடுவில் பெனுவா, மகன் தோளில் ஒரு கையும் மருமகள் தோளில் ஒரு கையும் போட்டு, வீங்கின காலை இழுத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சட்டையைப் போட்டிருந்தார், பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். கழுத்தில் மாலை மாதிரி ஏழு கயிறுகள்.

கிழவர் என்ன செய்யப்போகிறார் என்று ரெமிக்குத் தெரியாது, அது அவன் முகத்திலேயே இருந்தது. நகமால் வரை கூட்டிக்கொண்டு போ, மச்சானுக்குத் துக்கம் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் கிழவர் சொல்லியிருக்கிறார். கயிறு எதற்கு என்று கேட்டதற்கு, திருப்பிக் கொடுப்பதற்கு என்றாராம்.

"ஒக்காருங்க அத்தான்," என்றார் மோலிசாலே. "கறி போடச் சொல்றேன்."

"கறி வேணாம் மச்சான். அஞ்சு நாளா மோந்துட்டுத்தான் இருக்கேன், வயிறு நெறைஞ்சிருக்கு."

யாரோ சிரித்தார்கள். பெனுவா நடுக்கம்பத்தில் சாய்ந்து, மெதுவாகத் தரையில் இறங்கி, காலை நீட்டினார். கழுத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். கண்ணருகே பிடித்துப் பார்த்து, ஏபெலின் முன்னால் போட்டார்.

"ஒங்கப்பனோடது."

இரண்டாவதைச் சனிக்கிழமைச் சபைக்காரர்கள் பக்கம் எறிந்தார். "லியானோட ஆத்தாளுது." மூன்றாவது. நான்காவது. ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் குடும்பத்தின் முன்னாலும் ஒன்று விழுந்தது, புகை நாற்றத்தோடு, என் இலையின் ஓரத்தில். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தவும் முடியாமல், வாயருகே கொண்டுபோகவும் முடியாமல் இருந்தார்கள். கடைசிக் கயிறு புதுசு. இன்னும் புகை ஏறவில்லை. அதை மோலிசாலேயின் மடியில் வைத்தார்.

"என்ன அத்தான் இது?"

"எஞ் சாவு."

"அப்பா," என்றான் ரெமி. "எந்திரிங்க. போலாம்."

"நீ சும்மா இருடா. பொணம் பேசறப்ப குறுக்க பேசாத." கிழவர் இருமினார். எல்லாரும் அந்த இருமல் முடியும்வரை காத்திருந்தார்கள். நோயலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"நான் சாகறப்ப ஏழு மாடு வரும்," என்றார் பெனுவா. "எனக்காக. ஊர் கூடி ஏழையும் திங்கும். அதுல எனக்கு ஒரு துண்டு வருமா? வராது. எம் மகனுக்கு வருமா? கழுத்துக்கறி கூட வராது, செத்தவனோட புள்ள திங்கக்கூடாது. நீங்க திங்கறதுக்கு நான் சாகணும். நான் சாகாததுனால எம் மகன் கெட்டவன். எம் மருமக எனக்குத் தண்ணி குடுக்கறப்ப எம் மொகத்தப் பாக்க மாட்டேங்கறா. ஏன் பாக்கலன்னு எனக்குத் தெரியும். எனக்கு வருத்தமில்லம்மா. என்னப் பாத்து எனக்கே வாந்தி வருது, ஒனக்கு வராதா."

வெளியே மழை ஓய்ந்திருந்தது. பானையின் கீழ் விறகு வெடித்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை சிணுங்க, அதன் வாயில் யாரோ அவசரமாக முலையை வைத்தார்கள்.

"அதனால ஒன்னு கேக்கறேன். ஏழு வேணாம். ஒன்னு போதும். உசுரோட, கயித்தோட, நாளைக்கு வண்டி வர்றதுக்குள்ள. மத்த ஆறு கயித்தயும் அடுப்புல போட்டுக்குங்க, ஒங்க கடன் தீந்துச்சு. நான் மெய்யாலுமே போறப்ப எனக்கு ஒன்னும் பண்ண வேணாம். அஞ்சாம் நாள் வேணாம், நூறாம் நாள் வேணாம், கோழி கூட வேணாம். பழைய பாயில சுத்தி தோப்புக்குள்ள பொதைச்சிடுங்க, மாடு மேல மேயட்டும்."

ஏபெல் தன் முன்னால் கிடந்த கயிற்றைக் கால்விரலால் கொஞ்சம் தள்ளினான், பாம்பைத் தள்ளுவது போல. மோலிசாலேயின் உதட்டோரம் கொழுப்பு உறைந்து வெள்ளையாக இருந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கியவர், தூக்கிய கையில் கறி இருப்பதைப் பார்த்து, அப்படியே வைத்துக்கொண்டார்.

"ஆனா அதுக்கு நான் இன்னைக்குச் செத்திருக்கணும். அது ஒங்க வழக்கம், நான் குத்தம் சொல்லல. எம் பொண்டாட்டி வீட்டு ஆம்பள நீ ஒருத்தன்தான் மிச்சம். நீ சொன்னா ஊரு கேக்கும்."

பெனுவா வீங்கின காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டார். பிணத்துக்கு வைப்பது போல, இரண்டு பாதமும் சேர்ந்திருக்கும்படி.

"மச்சான், கறிய முழுங்கிட்டுச் சொல்லு. நான் செத்துட்டேன்னு சொல்லு."